கிளம்பும் முன் ஒரு பந்தி

மாசி முடிந்து பங்குனி பிறக்கும் நேரம். விடியற்காலையில் லேசாகக் குளிர்கிறது. எட்டு மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று உறைக்க ஆரம்பித்துவிடுகிறது. நடுவே கிடைக்கிற இரண்டு மணி நேரம்தான் பறவை பார்ப்பவர்களுக்குப் பொன்னான நேரம்.

சென்னை பள்ளிக்கரணையை எடுத்துக்கொள்ளுங்கள். துரைப்பாக்கம் - பல்லாவரம் ரேடியல் சாலை சதுப்பு நிலத்தை ஊடுருவிப் போகிறது. சுற்றிலும் ஐ.டி. கட்டடங்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகள், பெருங்குடி குப்பைக் கிடங்கு. இத்தனைக்கும் நடுவில், மார்ச் மாதத்தில் இங்கே இரண்டு விதமான கூட்டத்தைப் பார்க்கலாம். ஒன்று, மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பும் கூட்டம். இன்னொன்று, இங்கேயே குடித்தனம் தொடங்கும் கூட்டம்.

குடித்தனக்காரர்களை அடையாளம் காண்பது சுலபம். எல்லோரும் கல்யாண உடுப்புக்கு மாறிக்கொண்டிருப்பார்கள். வருடம் முழுக்க மண் நிறத்தில் ஓரமாக ஒடுங்கி நிற்கும் மடையானின் முதுகில் கருஞ்சிவப்புச் சால்வை ஏறியிருக்கும். வெள்ளை உண்ணிக்கொக்கின் தலையிலும் கழுத்திலும் ஆரஞ்சு நிறம் படரும். நீளவால் இலைக்கோழிக்கு இந்தக் கோடையில்தான் பெயருக்கேற்ற வால் முழுதாக வளரும். குளிர்காலத்தில் பார்த்தவர்கள், இது வேறு பறவையோ என்றுகூட நினைப்பார்கள். சாலையோர மரத்தில் குயில் கூவ ஆரம்பித்திருக்கும். அப்படிக் கூவுவது கறுப்பு நிற ஆண்தான். புள்ளி போட்ட பெண் குயில் இலைகளுக்குள் மறைந்திருக்கும்.

கிளம்பும் கூட்டத்துக்கோ சாப்பாடு ஒன்றுதான் வேலை. நீலச்சிறகு வாத்துகள் தலையைத் தண்ணீருக்குள் விட்டு விட்டு எடுக்கின்றன. மழைக்காலத்தில் வந்து சேரும்போது இவற்றில் ஆண் எது, பெண் எது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். இப்போது ஆணின் கண்ணுக்கு மேல் பளிச்சென்று ஒரு வெள்ளைப் பட்டை. பொறி உள்ளான் சேற்றை விடாமல் குத்திக்கொண்டிருக்கிறது. மஞ்சள் வாலாட்டி புல் ஓரத்தில் பூச்சியை விரட்டுகிறது. வடக்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இனப்பெருக்க நிலங்களுக்குப் போய்ச் சேர வேண்டியவை இவை. வழிச்செலவுக்குக் கையில் இருப்பது உடம்பில் சேர்க்கும் கொழுப்பு மட்டும்தான். கரைப்பறவைகளில் சில இனங்கள் நீண்ட பயணத்துக்கு முன்னால் தங்கள் எடையை ஏறக்குறைய இரு மடங்காக்கிக்கொள்கின்றன.

ஒரு நாய் விரட்டினாலும், சும்மா பறக்கவிட்டுப் பார்க்கலாமே என்று யாராவது கல் எறிந்தாலும், செல்ஃபிக்காகக் கரை இறங்கினாலும் கூட்டம் முழுவதும் எழுந்து பறக்கிறது. நமக்கு அது அழகான காட்சி. பறவைக்கோ காலையில் சாப்பிட்டதெல்லாம் வீண். இந்த வாரங்களில் வயிறு நிறைந்ததா இல்லையா என்பதைப் பொறுத்துத்தான் அது ஊர் போய்ச் சேருவதும், சேர்ந்த பிறகு முட்டையிடத் தெம்பு இருப்பதும்.

பறவை பார்க்க வேடந்தாங்கலுக்கும் கூந்தன்குளத்துக்கும் போக வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். போகலாம், தவறில்லை. ஆனால் வீட்டுப் பக்கத்து ஏரிக்கே திரும்பத் திரும்பப் போகிறவருக்குத் தெரிகிற விஷயம் ஒன்று உண்டு. வருடத்துக்கு ஒருமுறை வருகிறவர் இருக்கும் பறவையைப் பார்க்கிறார். வாராவாரம் போகிறவருக்குத்தான் வராமல்போன பறவையும் தெரியும். போன மார்ச்சில் இருநூறு இருந்த இடத்தில் இந்த மார்ச்சில் நாற்பதுதான் என்று அவரால் மட்டுமே சொல்ல முடியும்.

நாவலாசிரியர் அ.மாதவையாவின் மகன் மா.கிருஷ்ணன் 1950 முதல் 1996-ல் மறையும்வரை ஆங்கில நாளிதழ் ஒன்றில் இயற்கை பற்றிய பத்தி எழுதினார். காட்டு யானைக்குக் கொடுத்த அதே கவனத்தைக் காக்கைக்கும் அணிலுக்கும் கொடுத்தவர். பக்கத்தில் இருப்பதைத் தொடர்ந்து பார்ப்பதும் ஓர் அறிவு என்பதற்கு அவர் எழுத்தே சாட்சி.

இன்றைக்கு அந்த அறிவுக்குப் பயனும் கூடியிருக்கிறது. இந்தியப் பறவைகளின் நிலை குறித்து 2023-ல் வெளியான அறிக்கை, 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் இ-பேர்ட் தளத்தில் பதிந்த பட்டியல்களை வைத்துத் தயாரானது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 60 சதவீதம் குறைந்திருப்பது அதில் தெரியவந்தது. எண்ணியவர்களில் பெரும்பாலோர் விஞ்ஞானிகள் அல்ல. வேலைக்குப் போகும் முன் ஏரிக்கரையில் கால் மணி நேரம் நின்றவர்கள். பள்ளிக்கரணையின் ஒரு பகுதி 2007-ல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது, 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஆர்வலர்களும் ஆய்வாளர்களும் ஆண்டுக்கணக்கில் எழுதிவைத்த பறவைப் பட்டியல்கள் அதற்கெல்லாம் வலு சேர்த்தன. 'இது வெறும் புறம்போக்கு' என்று சொல்பவருக்கு முன்னால் எடுத்துவைக்க அப்படி ஒரு நோட்டு வேண்டியிருக்கிறது.

தொடங்குவதற்குப் பெரிய செலவில்லை. ஒரு சாதாரண பைனாகுலர், ஒரு நோட்டு, ஒரு பேனா. அதிகாலையில் கிழக்குக் கரையில் நின்றால் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும். பறவையின் நிறம் சரியாகத் தெரியும். கண்ணைப் பறிக்கும் உடை வேண்டாம். செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைக்க வேண்டாம். பெயர் தெரியாவிட்டால் அளவு, அலகு, கால் நிறம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு வந்து புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளையும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் அழைத்துப் போகலாம். எண்ணிக்கையை அவர்களிடம் விட்டுவிடுங்கள். பெரியவர்களைவிடச் சரியாக எண்ணுவார்கள்.

முதலில் வந்த தேதியை எழுதுவது எளிது. பறவை கண்ணில் பட்ட அன்றே தெரிந்துவிடும். கடைசியாகப் பார்த்த தேதி அப்படியல்ல. அது கடைசி என்பது அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் போய் வெறும் தண்ணீரைப் பார்த்த பிறகுதான் தெரியும். அதனால் வாத்துகள் போய்விட்டன என்று தோன்றினாலும் ஏப்ரலிலும் போக வேண்டும். அன்றைக்கு நோட்டில் 'நீலச்சிறகு வாத்து - 0' என்று எழுதினால் அதுவும் ஒரு கணக்குதான்.