பாடம் ஆசிரியருடையது, பதிவு யாருடையது?

கணினித் திரையில் ஓடுவதையும் அதற்கு ஆசிரியர் தரும் விளக்கத்தையும் சேர்த்துப் பதிவு செய்வதே திரைப்பதிவு. 2020 பொதுமுடக்கத்தின்போது பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள் பலர் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைத்த கருவிகளைக் கொண்டு இதைத் தாமாகவே கற்றுக்கொண்டனர். வகுப்பறைகள் திறந்த பின்னும் அந்தப் பழக்கம் நீடிக்கிறது. இது வரவேற்கத்தக்கதே. தேற்றம் ஒன்றின் நிரூபணம் வகுப்பில் பிடிபடாத மாணவர், அதை நிறுத்தி நிறுத்தி நான்கு முறை பார்க்கலாம். அறுவடைக் காலத்தில் பெற்றோருடன் வேலைக்குப் போய்விடும் பிள்ளைக்கு விடுபட்ட பாடம் திரும்பக் கிடைக்கிறது.

ஆனால் இலவசம் வேறு, கட்டற்றது வேறு. ஆங்கிலம் ஒரே சொல்லில் குழப்பி வைத்திருக்கும் இவ்விரண்டையும் தமிழ் தெளிவாகப் பிரித்துச் சொல்கிறது. லூம் என்னும் இணையக் கருவியை எடுத்துக்கொள்வோம். அதன் இலவசத் திட்டத்தில் ஒரு பதிவு ஐந்து நிமிடத்தைத் தாண்டக்கூடாது. 25 பதிவுகளுக்கு மேல் இடமில்லை என்பது விதி. பதிவுகள் தங்குவதும் நிறுவனத்தின் சேமிப்பகத்தில். 2023-இல் அட்லாசியன் என்ற பன்னாட்டு நிறுவனம் லூமை ஏறத்தாழ 97.5 கோடி டாலருக்கு வாங்கியது. இலவசமாகக் கொடுத்த பொருளுக்கு இந்த விலை எங்கிருந்து வந்தது என்று ஆசிரியர்கள் யோசிக்க வேண்டும்.

மாற்று இல்லாமல் இல்லை. கட்டற்ற மென்பொருளான ஓபிஎஸ் ஸ்டுடியோவில் நேர வரம்பு கிடையாது. பதிவு ஆசிரியரின் கணினியிலேயே தங்கும். பதிவு செய்ய இணைய இணைப்பும் தேவையில்லை. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் பொதுப்பணத்தில் உருவானது. சுமார் பத்து நிமிடத் திரைப்பதிவுகளைக் கொண்டே அது கட்டற்ற மென்பொருள்களைக் கற்பிக்கிறது. தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் குரல் மாற்றி, எவரும் பகிரத்தக்க உரிமத்தில் வெளியிடுகிறது. கேரளத்தில் 2001-இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம், இன்றைய கைட், அரசுப் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்குக் கொண்டுவந்தது. 2020 ஜூன் 1 அன்றே விக்டர்ஸ் தொலைக்காட்சியில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் தொடங்கியதன் பின்னால் அந்த நீண்ட ஆயத்தம் இருந்தது. தொலைக்காட்சி இல்லாத வீடுகளுக்கு வாலிபர் சங்கத் தோழர்கள் பெட்டிகளைத் திரட்டிக் கொடுத்தார்கள்.

அரசின் மேடை என்பதாலேயே எதையும் நம்பிவிடவும் இயலாது. 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த கல்விச் செயலிகளை 2022-இல் ஆராய்ந்த ஹியூமன் ரைட்ஸ் வாட்ச், மாணவர்களின் இருப்பிடத்தை அறியும் திறன் ஒன்றிய அரசின் தீக்ஷா செயலியில் இருந்ததைச் சுட்டிக்காட்டியது.

இவை எல்லாவற்றையும்விட நமது சங்கங்கள் குறைவாகப் பேசியிருப்பது உரிமைப் பிரச்சினை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17-ஆவது பிரிவின்படி, பணி ஒப்பந்தத்தின் கீழ் ஊழியர் உருவாக்கும் படைப்புக்கு, மாறான உடன்பாடு இல்லாதவரை, வேலை அளிப்பவரே முதல் உரிமையாளர். சுயநிதிக் கல்லூரி ஒன்றின் ஆசிரியை இரவு பத்து மணிக்குக் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, சொந்தக் கைபேசியில், சொந்தச் செலவில் போட்ட இணையத்தில் பாடத்தைப் பதிவேற்றுகிறார். அடுத்த ஆண்டு அவர் வேலையிழந்தாலும் அவர் குரல் அங்கே பாடம் நடத்திக்கொண்டிருக்க நிர்வாகம் இந்தப் பிரிவைக் காட்டலாம். இது வெறும் கற்பனை அச்சமன்று. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் இணையவழிப் படிப்புகளால் ஈடுசெய்யலாம் என்று பல்கலைக்கழக மானியக்குழுவின் 2021 விதிமுறைகள் அனுமதிக்கின்றன. காலிப் பணியிடங்களை நிரப்ப மனமில்லாத நிர்வாகங்களுக்கு இதைவிட வசதியான கதவு வேறென்ன வேண்டும்?

ஆகவே பணியிடம் நிரப்பக் கோரும் மனுக்களோடு சில கோரிக்கைகளையும் ஆசிரியர் சங்கங்கள் சேர்க்க வேண்டும். திரைப்பதிவு செய்யும் நேரம் வேலைநேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். கருவியும் இணையமும் நிறுவனத்தின் செலவு. பதிவில் ஆசிரியர் பெயர் இடம்பெற வேண்டும். அவர் பணியிலிருந்து விலகிய பின் எழுத்துபூர்வ ஒப்புதலின்றி அதைப் பயன்படுத்தலாகாது. சட்டமே ‘மாறான உடன்பாடு’ என்று ஓர் இடைவெளி விட்டிருக்கிறது. அந்த உடன்பாட்டை எழுதி வாங்கும் பேச்சுவார்த்தையை வரும் கல்வியாண்டு தொடங்கும் முன்பே துவக்கிவிடலாம்.