புழுவும் கற்கிறது, நம் பிள்ளைக்கா வராது?

"கூலிக்காரன் பிள்ளைக்கு யந்திர வேலை வராது, அது ரத்தத்திலேயே இல்லை" என்று பேசும் ஒப்பந்தக்காரர்கள் இன்றும் உண்டு. தேர்வாய் கண்டிகை மக்களிடம் இதைச் சொல்லிப் பார்க்கட்டும்! சிப்காட்டுக்காகத் தங்கள் மேய்ச்சல் நிலம் பறிபோவதை எதிர்த்து 2000-களின் கடைசியில் போராடிய ஊர் அது. நிலத்தை எடுக்கும்போது யாரும் ரத்தம் பார்க்கவில்லை. பழைய வருணாசிரமம்தான் இன்று 'ஜீன்' என்ற புதுச்சட்டை போட்டு வருகிறது.

ஜீன் உண்மையில் என்ன சொல்கிறது? 'சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ்' என்று ஒரு புழு. நீளம் ஒரு மில்லிமீட்டர். நரம்பணுக்கள் மொத்தம் 302. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக் கழகத்தில் கோலீன் மர்ஃபி குழுவினர் இதைச் சிறிது நேரம் பட்டினி போட்டு, பிறகு இரையையும் ஒரு வாசனையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அப்புறம் இரை இல்லாமலே அந்த வாசனையை நாடிப் புழு ஓடியது! ஒரு முறை கற்றது இரண்டொரு மணி நேரத்தில் மறந்துபோனது. இடையிடையே ஓய்வு விட்டு ஏழு முறை பழக்கியபோது நினைவு நெடுநேரம் நின்றது. ஓய்வில்லாமல் தொடர்ந்து பழக்கினால் நிற்கவில்லை. 2010ல் வெளியான முடிவு இது.

நெடுநேர நினைவுக்குக் 'க்ரெப்' என்ற ஜீன் வேண்டும். அது பழுதான புழுவும் கற்கிறது, வைத்துக்கொள்ள முடிவதில்லை. நம் நாட்டில் மொகாலி ஆராய்ச்சி நிலையத்தில் கவிதா பாபு குழுவினரும் இந்த ஜீனை ஆராய்ந்து, பிறவிப் பழக்கத்தையும் கற்ற பழக்கத்தையும் அது வெவ்வேறு விதமாக நடத்துகிறது என்று 2019ல் எழுதினார்கள். இதன் பங்காளி மனித உடலிலும் உண்டு. சேரி, அக்கிரகாரம் பார்த்து அது குடியிருப்பதில்லை.

ஜீன் என்றாலே முகம் சுளிக்கும் தோழர்களும் உண்டு. 1948ல் சோவியத் நாட்டில் லைசென்கோ மரபியலையே ஒதுக்கிவைத்தார். நஷ்டம் அந்நாட்டு விஞ்ஞானத்துக்குத்தான். ஜீன் தருவது கற்கும் சக்தியை. வாசனையை நாடு என்று புழுவுக்குச் சொல்லிக் கொடுத்தது ஜீன் அல்ல, அது பட்ட அனுபவம்.

புழு வேறு, மனிதன் வேறு என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் புழுவுக்கே ஓய்வு வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் மூட்டை தூக்கவிட்டு, பத்து நிமிஷம் யந்திரத்தைக் காட்டிவிட்டு, "இவனுக்கு வராது" என்று எழுதுவது எந்த விஞ்ஞானம்? பயிற்சி நேரத்தை வேலை நேரமாகக் கணக்கிடு, அதற்குக் கூலி கொடு, இடையில் ஓய்வு விடு என்று ஒவ்வொரு ஆலை வாசலிலும் கேட்போம்.