எல்லாம் விதியா?

பிரிக்பீல்ட்ஸில் அண்மையில் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தோம். மாண்டவன் இருபது வயது நிரம்பாத வாலிபன். இரவு வேலை முடித்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டவன், தலையில் அடிபட்டு வழியிலேயே உயிர் நீத்தான். உள்ளே பெண்கள் கதறிக்கொண்டிருந்தனர். வாசலில் ஆண்கள் வாய் பேசாது உட்கார்ந்திருந்தனர். மாண்டவனுடைய தம்பி, பதினைந்து வயதுச் சிறுவன், கதவோரம் சாய்ந்து நின்றான். தகப்பனார் எழுந்து சென்று, விபத்து நடந்த இடத்தில் கிடந்த தலைக்கவசத்தை எடுத்து வந்து நம்மிடம் காட்டினார்.

"பாருங்கள் ஐயா! தொப்பிக்கு ஒரு கீறல்கூட இல்லை. பிள்ளைதான் போய்விட்டான். விதி அல்லாமல் வேறென்ன?" என்றார்.

கூடியிருந்தோர் யாவரும் தலையசைத்தனர். ஜாதகத்தில் கண்டம் இருந்தது என்றார் ஒருவர். நல்ல பிள்ளைகளை ஆண்டவன் சீக்கிரம் அழைத்துக்கொள்கிறான் என்றார் மற்றொருவர். நாமோ ஒன்றும் சொல்லாமல் திரும்பினோம். பெற்ற வயிறு எரியும் நேரத்தில் தர்க்கம் பேசுவது மனிதத் தன்மை ஆகாது என்பது நம் எண்ணம். ஆனால் அன்று வாய் மூடிய நாம் என்றைக்கும் வாய் மூடியே இருப்போமாயின், அது மரியாதை அன்று; கோழைத்தனமே. ஆகவே அன்று சொல்லாததை இன்று எழுதுகிறோம்.

கீறல் இல்லாத அந்தத் தலைக்கவசம் விதிக்குச் சாட்சி அன்று. தலையில் அடிபட்டு இறந்தவனுடைய தலைக்கவசத்தில் அடையாளமே இல்லையென்றால், அடிபடும் வேளையில் அது தலையில் இல்லை என்பதுதான் அதன் பொருள். தாடைக்குக் கீழே வாரைப் பூட்டாமல் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனவனை விட்டு, விழுந்த கணத்திலேயே அது தனியே பறந்து போயிற்று. வாரைப் பூட்ட இரண்டு விநாடி போதும். அந்த இரண்டு விநாடியின் மேல் போட வேண்டிய பழியை நாம் ஆண்டவன் மேலும் ஜாதகத்தின் மேலும் போடுகிறோம்.

விதி என்னும் இச்சொல் இந்நாட்டுத் தமிழருக்குப் புதியதன்று. 1901-ம் ஆண்டில் கிள்ளானிலும், அப்பொழுதுதான் திறக்கப்பட்ட போர்ட் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்திலும் மலேரியா ஜுரம் மக்களை வாரிக்கொண்டு போயிற்று. துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சுக்கூட எழுந்தது. நம் முன்னோர் அதைத் தலையெழுத்து என்றனர். தெய்வக் குற்றம் என்று நேர்ந்துகொண்டனர். அங்கு மருத்துவராக வந்திருந்த மால்கம் வாட்சன் என்பவரோ தலையெழுத்தைப் படிக்க முயலவில்லை. கொசுவின் மூலமே மலேரியா பரவுகிறதென்று 1897-ல் ரொனால்ட் ராஸ் இந்தியாவில் கண்டுபிடித்திருந்ததை அவர் அறிவார். சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தார். புதர்க்காட்டை அழிக்கச் செய்தார். சில ஆண்டுகளில் ஜுரம் அடங்கிற்று. பின்னர் தோட்டங்களிலும் இதே வேலை நடந்தது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம்மில் எத்தனையோ பேர் இன்று உயிரோடு இருப்பது அந்த வாய்க்கால்களின் புண்ணியம். மண்வெட்டிக்குப் பணிந்த விதி என்ன விதி?

இன்று சதுப்பு நிலத்துக்குப் பதில் தார்ச்சாலை. மலேசியச் சாலைகளில் 2016-ல் 7,152 பேர் மாண்டனர். 2019-ல் 6,167 பேர். ஆண்டுதோறும் இவ்வாறு மாள்வோரில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். அவர்களிலும் பெருந்தொகையினர் வாலிபர்கள். பெருநோய்த் தொற்றால் நடமாட்டக் கட்டுப்பாடு இருந்த 2020-ல் சாலைச் சாவு 4,634 ஆகக் குறைந்தது, 2021-ல் 4,539. கட்டுப்பாடு நீங்கிய 2022-ல் மறுபடி 6,080 ஆயிற்று. விதிவாதிகளை ஒன்று கேட்கிறோம். எல்லாம் பிறக்கும்போதே எழுதப்பட்டதாயின், அரசாங்கம் வீட்டிலிருக்கச் சொன்ன ஆண்டில் எமனும் அடங்கி வீட்டிலிருந்தானோ? சாலையில் வண்டி குறைந்தால் சாவு குறைகிறது. வண்டி கூடினால் சாவு கூடுகிறது. இது கணக்கு, கிரகபலன் அன்று.

நம் வாலிபர்கள் வேகம் என்றால் முள் காட்டும் எண் என்று நினைக்கிறார்கள். அதை உயரமாக எண்ணிப் பார்க்கும்படி சொல்லுகிறோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போய்ச் சுவரில் மோதுவது, சுமார் 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஏறக்குறைய ஐந்து மாடி உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். 90 கிலோமீட்டர் என்றால் 32 மீட்டர். பத்து மாடிக்கு மேல். 110 என்றால் 48 மீட்டர்; பதினாறு மாடி. வேகம் ஒன்றரை மடங்கானால் அடி இரண்டேகால் மடங்காகிறது. அடுக்குமாடி வீட்டுத் தாய் பிள்ளையைப் பத்தாம் மாடிக் கைப்பிடிச் சுவர்மேல் நடக்க விடுவாளா? ஆயினும் அதே பிள்ளை வார் பூட்டாமல் வண்டியை முறுக்கிக்கொண்டு போகையில், "பத்திரம் ஐயா" என்பதோடு அவள் வேலை முடிந்துவிடுகிறது.

புது வண்டி வாங்கிய அன்று நாம் செய்வதென்ன? கோயில் வாசலில் நிறுத்தி, மாலை போட்டு, கற்பூரம் காட்டி, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். திருஷ்டிக்குக் கறுப்புக் கயிறு கட்டுகிறோம். அந்தக் கயிற்றை எத்தனை பக்தியோடு முடிச்சுப் போடுகிறோம்! தாடைக்குக் கீழே பூட்ட வேண்டிய வார் ஒன்று இருப்பது மட்டும் நினைவுக்கு வருவதில்லை. வண்டிக்கு ஆயிரக்கணக்கில் கடன் வாங்கும் நாம், தலைக்கவசம் மாத்திரம் கடையில் உள்ளதிலேயே மலிவானதாகத் தேடுகிறோம். மலேசியத் தர நிர்ணயங்களில் எம்.எஸ். 1 என முதல் எண் பெற்றது தலைக்கவசத்துக்கு உரியது. முதல் எண் பெற்ற பொருள் நம் வீட்டுச் செலவுப் பட்டியலில் கடைசியில் நிற்கிறது.

துக்கத்திலிருந்து அறிவு பிறக்கக்கூடும் என்பதற்கு ஒரு சரித்திரம் சொல்லுகிறோம். 1935-ம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தில், அரேபியாவின் லாரன்ஸ் என்று உலகம் அறிந்த டி. இ. லாரன்ஸ், சைக்கிளில் வந்த இரு சிறுவர்கள்மேல் மோதாதிருக்க மோட்டார் சைக்கிளைத் திருப்பி விழுந்தார். தலையில் தலைக்கவசம் இல்லை. ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து மாண்டார். அவரைக் கவனித்தவர்களில் ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை மருத்துவர் ஒருவர். கைவிட்டுப் போன உயிரை எண்ணி அவர் விதியென்று சும்மா இருக்கவில்லை. இவ்வாறு சாகிறவர்கள் எத்தனை பேர், தலைக்கவசம் அணிந்திருந்தவர்கள் நிலை என்ன என்று கணக்கெடுத்து 1941-ல் வெளியிட்டார். அவ்வாண்டு இறுதியிலேயே பிரிட்டிஷ் இராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கிற்று. 1973-ல் மலேசியாவிலும் அது சட்டமாயிற்று. தலைக்கவசம் சாவு அபாயத்தை நூற்றுக்கு நாற்பது அளவும், தலைக்காய அபாயத்தை நூற்றுக்கு எழுபது அளவும் குறைக்கிறதென்று பிற்கால ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. ஒரு மருத்துவரின் துக்கம் கேள்வி கேட்டது. அக்கேள்வி இன்று உலகெங்கும் தலைகளைக் காக்கிறது.

"தலைக்கவசம் அணிந்தவனும் சாகிறானே! செப்பாங்கில் இத்தாலியன் சாகவில்லையா?" என்று சில வாலிபர்கள் நம்மை மடக்குவதுண்டு. ஆம், 2011-ம் ஆண்டு அக்டோபர் 23-ம் தேதி செப்பாங் பந்தயச் சாலையில் மார்கோ சிமோன்செல்லி என்னும் 24 வயது வீரர் மாண்டார். இரண்டாம் சுற்றில் வண்டி சரிந்து விழுந்தவரைப் பின்னால் வந்த இரு வண்டிகள் மோதின. தலைக்கவசமும் கழன்று போயிற்று. பந்தயம் நிறுத்தப்பட்டது. ஆனால் இதிலிருந்து வாலிபர்கள் கற்கும் பாடம் தலைகீழானது. அங்கே எல்லா வண்டியும் ஒரே திசையில் ஓடும். எதிரே லோரி வராது, குறுக்கே நாய் பாயாது, குழி கிடையாது, விளக்குக் கம்பம் கிடையாது. உடல் முழுதும் தோலுடை. சில நிமிஷத்தில் மருத்துவர். பயிற்சியோ சிறு வயது முதல் பெற்றது. இத்தனை காவலும் உள்ள இடத்திலேயே மரணம் நுழையுமாயின், ஒரு காவலும் இல்லாத நம் சாலையில் அந்த வேகத்தை ஆடிக் காட்டுவது வீரமா? மகனைக் கண்முன் இழந்த தகப்பனார் பாவ்லோவின் துக்கமோ அழுகையோடு நிற்கவில்லை. மகன் பெயரால் ஓர் அறநிலையம் அமைந்து, ஊனமுற்றோருக்கு உதவுகிறது.

நிற்க. வாலிபர்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நம் நோக்கம் அன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது அங்கிருந்து வெளியேறிய நம் மக்களில் பலர், நகரத்தின் ஓரத்து அடுக்குமாடிகளில் வந்து விழுந்தனர். வேலையோ வேறோர் மூலையில். இரவு வேலை முடிகையில் பஸ் இல்லை. காருக்குப் பணம் இல்லை. ஆகவே மோட்டார் சைக்கிள் அவர்களுக்கு ஆடம்பரம் அன்று; கால். அந்தக் காலுக்கு வழி அமைப்பது அரசாங்கத்தின் கடமை. அமைத்தால் பயன் உண்டென்பதற்கும் சான்று இங்கேயே இருக்கிறது. கிள்ளானுக்குப் போகும் கூட்டரசு நெடுஞ்சாலையோரம் 1970-களில் தொடங்கி மோட்டார் சைக்கிளுக்கென்று தனிப் பாதை போடப்பட்டது. அங்கே மோட்டார் சைக்கிள் விபத்து மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்ததை ஆராய்ச்சியாளர் கண்டனர். 1992-ல் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் விளக்கெரிக்க வேண்டும் என்ற விதி வந்தது. வண்டி கண்ணுக்குப் படாததால் நேரும் விபத்துகள் நூற்றுக்கு 29 அளவு குறைந்தன. எனவே தனிப் பாதை இல்லாத இடங்களில் அதைக் கேட்பதும், உள்ள பாதையில் குழி அடைக்கவும் விளக்குப் போடவும் கேட்பதும் நம் உரிமை. விதி என்று நம்புகிறவன் இதைக் கேட்கமாட்டான். விதியை நம்புவோர் கூட்டம் எந்த அதிகாரிக்கும் தொல்லை தருவதில்லை. அதனால்தான் அவர்கள் சாலைக் குழிகளும் அடைபடுவதில்லை.

இனிச் சாவு வீட்டின் விஷயத்துக்கு வருவோம். தோழனை இழந்த வாலிபர்கள் என்ன செய்கிறார்கள்? பிரேத வண்டிக்கு முன்னும் பின்னும் மோட்டார் சைக்கிள்களை அணிவகுத்து, தலைக்கவசமின்றி, இயந்திரத்தை அலறவிட்டுக்கொண்டு போவதை நாம் நேரில் கண்டிருக்கிறோம். எதனால் அவன் மாண்டானோ அதையே அவனுக்கு மாலையாகச் சூட்டுகிறார்கள்! பெரியவர்களோ பதினாறாம் நாளுக்குக் கடன் வாங்கிப் பந்தி வைக்கிறார்கள். ஆனால் வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே வழக்கமான வழியில் நேரும் விபத்து, 1969-ம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி வேலை விபத்தாகவே கொள்ளப்படும் என்பதும், சொக்சோவில் சந்தா கட்டிய தொழிலாளி அவ்வாறு இறந்தால் அவனை நம்பியிருந்தோர் உதவித்தொகை கேட்கலாம் என்பதும் அவ்வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒப்பாரி சொல்லப் பத்துப் பேர் வருகிறார்கள். மனு எழுதிக் கொடுக்க ஒருவர் வருவதில்லை.

நாம் அழ வேண்டாம் என்று சொல்லவில்லை. அழுகை மனிதனின் உரிமை. ஆனால் அழுது முடித்தபின் சில கேள்விகள் கேட்கப்பட வேண்டும். வார் பூட்டியிருந்தானா? லைசென்ஸ் இருந்ததா? இல்லையென்றால் வண்டி வாங்கிக் கொடுத்தவர் யார்? எத்தனை மணி நேரம் தூங்காமல் வேலை செய்தான்? அந்தச் சாலையில் விளக்கு எரிந்ததா? குழி இருந்ததா? இக்கேள்விகள் மாண்டவனை அவமதிப்பன அல்ல. அவன் சாவு வீண்போகாதிருக்க வழி இவைதான். பதினாறாம் நாள் பந்திச் செலவில் ஒரு பங்கை ஒதுக்கி, அவனுடைய தோழர்களுக்குத் தரமான தலைக்கவசம் வாங்கிக் கொடுங்கள். அவர்கள் கையாலேயே வாரைப் பூட்டச் செய்து, அவன் படத்தின் முன் உறுதி வாங்குங்கள். எந்தப் பிண்டத்தைவிடவும் அது மேலான காணிக்கை.

அந்தத் தகப்பனாருக்கு நாம் அன்று சொல்லாததை இங்கே சொல்லி முடிக்கிறோம். ஐயா, கீறல் இல்லாத அந்தத் தலைக்கவசத்தைப் பெட்டியில் பூட்டிவிடாதீர்கள்; விதியின் அடையாளமாக வருவோருக்குக் காட்டவும் வேண்டாம். கதவோரம் நின்ற உங்கள் இளைய மகனுக்கு அடுத்த ஆண்டு பதினாறு வயது ஆகும். லைசென்ஸுக்குப் போகிறேன் என்பான். அன்று அதை அவன் கையில் கொடுத்து, அண்ணன் பூட்டாமல் விட்ட வாரைக் காட்டுங்கள்.