இதயத்துக்குச் சற்று முன்னால்

அமெரிக்காவில் கைத்துப்பாக்கி வைத்திருப்பவரிடம் ‘தற்காப்புக்கு எந்தத் தோட்டா?’ என்று கேட்டுவிட்டால் போதும், பொழுது சாய்ந்துவிடும். இன்றைய வாக்குவாதத்துக்குப் பிறந்தநாளே உண்டு: 1986 ஏப்ரல் 11. மயாமியில் வங்கிக் கொள்ளையர் இருவரை எஃப்.பி.ஐ. மடக்கியது. ஒருவன்மேல் பாய்ந்த 9 மி.மீ. தோட்டா கையைத் துளைத்து, நுரையீரலுக்குள் புகுந்து, இதயத்துக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. அதன் பிறகும் அவன் சுட்டுக்கொண்டே இருந்தான். அதிகாரிகள் இருவர் செத்தார்கள். பழி தோட்டாமேல் விழுந்தது. மறுத்துப் பேச அதற்கு வாயா இருக்கிறது?

அப்புறம் வந்ததுதான் எஃப்.பி.ஐ.யின் ஜெலட்டின் சோதனை. தசைக்கு ஈடாக வார்த்த கட்டிக்குள், தடித்த துணியையும் தாண்டி, தோட்டா 12 முதல் 18 அங்குலம் போக வேண்டும். குறைந்தால் உதவாது, மிஞ்சினால் பின்னால் நிற்பவர் பாடு ஆபத்து. நுனியில் குழிவைத்த தோட்டா உள்ளே காளான்போல விரிந்து வேகமிழக்கும் என்பதால்தான் அதற்கு மவுசு. விரியும் தோட்டாவுக்குக் கல்கத்தா பக்கத்து டம்டம்தான் பேர் கொடுத்தது. போரில் அது கூடாதென்று 1899இல் ஹேக்கில் தடுத்தார்கள். அதன் உறவுக்காரன் இன்று படுக்கையறை இழுப்பறையில்!

எஃப்.பி.ஐ.யோ 10 மி.மீ., .40 அங்குலத் தோட்டாக்கள் என்று ஊர் சுற்றிவிட்டு 9 மி.மீட்டருக்கே திரும்பியது. உதைப்பு குறைவு, குறி தப்புவதும் குறைவு. என் கட்சியும் அதுதான். தோட்டா விலை அதிகமென்று, அது தங்கள் துப்பாக்கியில் சிக்காமல் ஓடுகிறதா என்றுகூடச் சுட்டுப் பார்க்காமல் பெட்டியோடு பூட்டிவைப்பவர்களைத்தான் எனக்குப் புரியவில்லை.