டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு

தீபாவளிக்குப் பேரன் கோயம்புத்தூரிலிருந்து காரில் வந்திருந்தான். மறுநாள் காரைக்காலில் உறவினர் வீட்டுக்குப் போகலாம் என்று என்னை முன் இருக்கையில் உட்கார வைத்தான். என் மகள் பின்னால். கடலூரைத் தாண்டியபோதுதான் கவனித்தேன். ஸ்பீடாமீட்டருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு. உட்கார்ந்திருக்கும் ஆள் உருவம், மார்புக்கு முன்னால் ஒரு பந்து. அணையவே இல்லை.

“இது என்னப்பா?”

“ஏர்பேக் லைட்டு தாத்தா. ஃபியூஸை எடுத்து வெச்சேன். திரும்பப் போட மறந்துட்டேன்.”

மூன்று வாரத்துக்கு முன் ஆட்டோகிராஸ் பந்தயம் ஒன்றில் இதே காரை ஓட்டியிருக்கிறான். மண் தரையில் வளைந்து வளைந்து தடம் போட்டு, ஒவ்வொரு வண்டியாக நேரம் கணக்கிட்டு விடும் பந்தயம். பள்ளத்தில் விழுந்தால் ஏர்பேக் வெடித்துவிடும், பிறகு பெரிய செலவு என்று நண்பர்கள் சொன்னார்களாம். ஃபியூஸைப் பிடுங்கிவிட்டான். அதே நிலையில் சேலம், உளுந்தூர்பேட்டை வழியாக ஏறக்குறைய 380 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓட்டி வந்திருக்கிறான்.

பையன் மண்ணில் ஓட்டுவது எனக்குக் குறையில்லை. அந்தக் காலத்தில் சோழவரம் பழைய விமானத் தளத்தில் பந்தயம் பார்க்கப் போன கூட்டத்தில் நானும் ஒருவன். என் சண்டை அந்த ஃபியூஸோடுதான்.

பிரெஞ்சில் இதற்கு ‘கூஸ்ஸேன் கோன்ஃப்லாப்ல்’ என்று பெயர், அதாவது ஊதித் தடிக்கும் தலையணை. ரொம்ப மெத்தென்ற பெயர், ஆளை ஏமாற்றும் பெயர். உள்ளே இருப்பது ஒரு சிறு வெடிமருந்து. மோதிய பிறகு நொடியில் இருபதில் ஒரு பங்குக்குள் பை நிரம்பிவிடும். கண் இமைப்பதற்குள் என்று சொன்னால் அதுகூடத் தாமதம். அந்த வேகத்தில் வருவது முகத்தில் பட்டால் அறைதான் விழும். அதனால்தான் ஸ்டியரிங்கின் நடுவுக்கும் மார்பெலும்புக்கும் இடையே 25 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும் என்கிறார்கள். பந்தயத்தில் பிடி கிடைக்கும் என்று இருக்கையை முன்னால் இழுத்துக்கொள்பவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். என் மகள் குள்ளம், அவளும் அப்படித்தான் ஓட்டுவாள். அன்றே ஸ்கேலை வைத்து அளந்து காட்டினேன். சிரித்தாள், ஆனால் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளினாள்.

பள்ளத்தில் விழுந்தாலே வெடிக்குமா? சக்கரம் குதிப்பதற்கும் வண்டி முன்பக்கம் மோதி நிற்பதற்கும் உள்ள வித்தியாசத்தை உணரத்தான் சென்சாரும் கம்ப்யூட்டரும் இருக்கின்றன. சாதாரணக் குலுக்கலுக்கு வெடிக்காது. ஆனால் மண்மேட்டில் முட்டினாலோ, அடிப்பாகம் பாறையில் பலமாக இடித்தாலோ வெடிக்கலாம். சில கார்களில் வண்டி உருளப்போகிறது என்று தெரிந்தாலே பக்கவாட்டுத் திரைப் பை இறங்கிவிடும். பையன்களின் பயம் முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். செலவும் உண்மைதான், பை, கம்ப்யூட்டர், பெல்ட் என்று எல்லாம் மாற்ற வேண்டிவரும். ஆனால் அப்படி முட்டுகிற நேரத்துக்காகத்தானே அது வைத்திருக்கிறது?

அவனுக்கே தெரியாத இன்னொன்று. மோதும்போது சீட் பெல்ட்டைச் சட்டென்று இழுத்து இறுக்குவதும் ஒரு சிறு வெடிமருந்துதான். பல கார்களில் அதையும் ஏர்பேக்கையும் ஒரே கம்ப்யூட்டர்தான் இயக்குகிறது. ஃபியூஸைப் பிடுங்கினால் பையோடு அதுவும் செத்துப்போகும்.

“ராலி கார்ல ஏர்பேக்கே இருக்காது தாத்தா” என்றான். சரிதான். ஆனால் அதில் இரும்புக் கூண்டு இருக்கிறது. ஆளை இருக்கையோடு சேர்த்துக் கட்டும் ஆறு முனை பெல்ட், பக்கெட் சீட், ஹெல்மெட்டோடு சேர்ந்து கழுத்தைத் தாங்கும் சாதனம் எல்லாம் இருக்கிறது. ஒன்றுக்குப் பதில் ஒன்று. இவன் காரில் ஒன்றை எடுத்தான், எதையும் வைக்கவில்லை. சில பேர் நான்கு முனை பெல்ட் மட்டும் வாங்கி மாட்டுகிறார்களாம். அந்த ஏர்பேக் கணக்கெல்லாம் மூன்று முனை பெல்ட்டில் உடம்பு எப்படி முன்னால் வரும் என்பதை வைத்துப் போட்டது. பாதிக் கிணறு தாண்டுகிற வேலை. ஒன்று, கம்பெனி கொடுத்தபடியே முழுசாக விட்டுவிட்டு அளவோடு ஓட்டட்டும். இல்லை, பந்தயத்துக்கென்றே பழைய வண்டி ஒன்றை முறைப்படி தயார் செய்யட்டும். அம்மாவை ஏற்றிச் செல்லும் வண்டியில் இந்த விளையாட்டு வேண்டாம்.

குமாஸ்தா புத்தி விடுமா? இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படித்தேன். எந்தெந்த உபயோகத்துக்கு இது செல்லாது என்ற பட்டியலில் ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை இரண்டும் இருந்தன. அதை அவன் படித்ததே இல்லை. யார்தான் படிக்கிறார்கள்? ஓட்டுநர் பக்கத்து ஏர்பேக்கை 2019 ஜூலையிலிருந்து புதுக் கார்களுக்குச் சட்டமே கட்டாயமாக்கியது. நாமோ காரை வாங்கிய வாரமே, பக்கவாட்டு ஏர்பேக் உள்ள இருக்கைக்குத் தடித்த உறை தைத்துப் போடுகிறோம், முன்னால் இரும்புக் கம்பி மாட்டுகிறோம், ஸ்டியரிங் நடுவில் சாமி படம் ஒட்டுகிறோம். வெடித்தால் அந்தப் படம் எங்கே பறக்கும்?

திரும்பி வந்து ஃபியூஸைப் போட்டான். அப்போதும் விளக்கு அணையவில்லை. கம்ப்யூட்டரில் பிழை பதிவாகியிருக்கும் என்றார் தெருமுனை மெக்கானிக். ஏர்பேக் ஒயரில் மீட்டரை வைத்துப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம், அந்தச் சின்ன மின்சாரமே போதும், வெடித்துவிடும் என்று அவரே சொன்னது எனக்கு நிம்மதி. சர்வீஸ் சென்டரில் கருவி மாட்டி அழித்துக் கொடுத்தார்கள்.

இப்போது சாவியைத் திருப்பினால் அந்த விளக்கு சில நொடி எரிந்து அணைகிறது. அணைந்ததைப் பார்த்த பிறகுதான் நான் கதவைச் சாத்துகிறேன். பேரன் முறைக்கிறான்.