செக்போஸ்டில் பிடிபடாத காய்ச்சல்

எல்லைப்புற ஊர்களில் காய்ச்சலுக்கு எப்போதும் அடுத்த மாநிலத்து முகவரிதான். பாறசாலை, காரோடு, செங்கல், குளத்தூர் என்று கேரளத்து நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் தென்கோடியில் எந்தச் சாயாக்கடையில் உட்கார்ந்தாலும், மழை பிடித்த இரண்டாம் மூன்றாம் வாரத்தில் இந்தப் பேச்சு வந்துவிடும். பாண்டி என்றால் தமிழ்நாடு: பாண்டி லாரி, பாண்டி மீன், பாண்டிக் காய்கறி. அதில் ஏறித்தான் எல்லா நோயும் வருகிறதாம். களியக்காவிளையைத் தாண்டித் தமிழ்நாட்டுக் குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம் வந்தால் அதே பேச்சு திசை மாறிக் கேட்கும்: “கேரளாவுல தினம் ஒரு புதுக் காய்ச்சல், அங்கேயிருந்துதான் நமக்கு ஒட்டுது.” பனச்சமூட்டில் ஒரே சந்தை இரண்டு மாநிலத்திலும் கிடக்கிறது. அங்கேயும் இப்படிப் பேச ஆள் உண்டு.

சாயாக்கடைப் பேச்சாக மட்டும் இருந்தால் கேட்டுவிட்டு எழுந்து போய்விடலாம். அரசாங்கங்களே இதை நம்புகின்றன, அல்லது நம்புவதுபோல் நடந்துகொள்கின்றன என்பதுதான் தொந்தரவு.

2021 ஜூலை 8 அன்று கேரளத்தில் முதல்முறையாக ஜிகா வைரஸ் உறுதியானது. பாறசாலையைச் சேர்ந்த 24 வயதுக் கர்ப்பிணிக்குக் காய்ச்சலும் தலைவலியும் சிவந்த தடிப்பும் இருந்தன. முந்தின நாள்தான் குழந்தை பிறந்திருந்தது. மாநிலத்துக்கு வெளியே அவர் போனதில்லை, ஆனால் அவருடைய வீடு தமிழ்நாட்டு எல்லையில் இருக்கிறது என்று அரசுத் தரப்பு அறிவித்தது. அந்த ‘ஆனால்’ போதுமானதாக இருந்தது. வைரஸ் எங்கிருந்து வந்தது என்று யாரும் ஆராய்வதற்கு முன்பே ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. தமிழ்நாடும் சும்மா இருக்கவில்லை. எல்லையில் கண்காணிப்பு, வருகிறவர்களுக்குப் பரிசோதனை என்று அறிவிப்புகள் வந்தன. நோயாளி எல்லையின் எந்தப் பக்கம் இருந்தாரோ, அதற்கு எதிர்ப்பக்கம் குற்றவாளி ஆகிவிடுகிறது.

அடுத்து நடந்ததைப் பார்த்தால் அந்தத் தீர்ப்பு நிற்காது. பிறகு உறுதியானவர்களில் கணிசமானவர்கள் திருவனந்தபுரம் நகரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றின் ஊழியர்கள். நகரத்திலேயே ஆனயற பகுதியில் ஒரு தொகுதியாக நோயாளிகள் கண்டறியப்பட்டார்கள். அந்த ஜூலை முடிவதற்குள் சுமார் 70 பேருக்கு உறுதியாகியிருந்தது. அதாவது எல்லையிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வடக்கே, தலைநகரத்தின் நடுவில், வைரஸ் ஏற்கெனவே வீடு பிடித்துக் குடியிருந்தது. முதலில் கண்ணில் பட்ட ஊரை, முதலில் வந்த ஊர் என்று நினைத்துக்கொண்டோம்.

எல்லைதான் காரணம் என்றால் முந்தின கணக்கையும் பார்க்க வேண்டும். ஜிகா இந்தியாவில் 2017-ல் அகமதாபாத்தில் கண்டறியப்பட்டது. அதே ஆண்டு கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒருவருக்கு. 2018-ல் ஜெய்ப்பூரில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு. இந்த மூன்று ஊர்களில் எது எதனோடு எல்லையைப் பகிர்ந்துகொள்கிறது? ஒன்றுமில்லை. மூன்றிலும் பொதுவாக இருப்பது ஏடிஸ் கொசுவும், அது முட்டையிடத் தோதாகத் தேங்கிய தண்ணீரும்தான்.

சோதனைச்சாவடியில் நெற்றிக்கு நேரே வெப்பமானியை நீட்டுகிறார்களே, அதைக் கொஞ்சம் யோசிப்போம். ஜிகா தொற்றியவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. டெங்குவிலும் பெரும்பாலோருக்கு இதே கதைதான். காய்ச்சல் வருகிற சிலருக்கும் கொசு கடித்து நான்கு முதல் பத்து நாள் கழித்துத்தான் வரும். அந்த இடைவெளியில் அவர் இஞ்சிவிளைச் சாவடியைப் பத்துமுறை தாண்டியிருப்பார்: காலையில் வேலைக்கு, மாலையில் வீட்டுக்கு, ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டுக் கல்யாணத்துக்கு. வெப்பமானி பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் வெயிலில் மோட்டார் சைக்கிள் ஓட்டி வந்த ஆளை. கண்காணிப்பு நடக்கிறது என்று மாலைச் செய்தியில் காட்டப் படம் கிடைக்கிறது என்பதைத் தவிர இதில் வேறு பயன் எனக்குத் தெரியவில்லை.

கொசுவுக்கோ அந்தச் சாலையே வேண்டாம். ஏடிஸ் கொசு பிறந்த இடத்திலிருந்து பொதுவாகச் சில நூறு மீட்டருக்குமேல் போவதில்லை. உங்களைக் கடித்த கொசு உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ, மிஞ்சினால் தெருமுனையிலோ பிறந்தது. தமிழ்நாட்டுக் கொசு செங்கலுக்கும், கேரளக் கொசு மார்த்தாண்டத்துக்கும் படையெடுத்து வருகிறது என்பது பூகோளமும் தெரியாத, பூச்சியும் தெரியாத பேச்சு.

“வைரஸ் வெளியே இருந்துதானே வரணும்? இங்கேயே முளைக்குமா?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. வைரஸ் பயணம் செய்யும். வளைகுடாவிலிருந்து விமானத்தில், சென்னையிலிருந்து ரயிலில், நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் வரும். ஆயிரம் வழியில் வருகிறதை ஒரு சாவடியில் மறிக்க முடியாது. விதை காற்றில் வந்துகொண்டேதான் இருக்கும். முளைப்பதும் கருகுவதும் மண்ணைப் பொறுத்தது. நம் மண் எப்படிப்பட்டது என்பதற்கு இந்தப் பகுதிக்கே உரிய சாட்சி ஒன்று இருக்கிறது.

2006-லும் 2007-லும் கேரளத்தைச் சிக்குன்குனியா முடக்கிப்போட்டது. எழுந்து நடக்க முடியாமல், கைவிரலை மடக்க முடியாமல் வீடு வீடாகக் கிடந்ததை நாற்பது தாண்டிய யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதைப் பரப்பியதில் பெரும்பங்கு நகரத்து ஏடிஸ் ஈஜிப்டிக்கு இல்லை. தோட்டங்களில் வாழும் ஏடிஸ் அல்போபிக்டஸுக்கு, காலில் வெள்ளை வரி போட்ட புலிக்கொசுவுக்கு. 2007-ல் கேரளத்து நோயாளிகளிடமிருந்து எடுத்த வைரஸில் ஒரு மரபணு மாற்றம் இருந்தது. புலிக்கொசுவின் உடலில் மேலும் நன்றாகப் பெருக வழிசெய்யும் மாற்றம். அதே மாற்றம் முன்பே இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவிலும் காணப்பட்டிருந்தது. அங்கிருந்து இறக்குமதியாகியிருக்கும் என்று நினைக்கத் தோன்றும். மரபணு வரிசைகளை ஒப்பிட்ட ஆராய்ச்சியாளர்கள் கண்டது வேறு: ரீயூனியனில் தனியாக, இங்கே தனியாக அந்த மாற்றம் உருவாகியிருக்கிறது. வந்த வைரஸ் ஏதோவொன்று. ஊரைப் பிடித்த வைரஸ், இங்கே கொட்டிக்கிடந்த புலிக்கொசுவுக்குத் தக்கபடி இங்கேயே தன்னை மாற்றிக்கொண்டது. அதற்கு எந்த லாரியைக் குற்றம் சொல்வது?

புலிக்கொசு ஏன் இவ்வளவு இருக்கிறது? வெள்ளறடையிலிருந்து பனச்சமூடு வழியாகப் பளுகல், அருமனை வரை நடந்து பாருங்கள். எல்லை எங்கே போகிறது என்று ரப்பர் மரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. மரத்துக்கு ஒரு சிரட்டை, இப்போது பல இடங்களில் பிளாஸ்டிக் கப்பு. பால்வெட்டு நடக்கும்போது தொல்லையில்லை. பால் விழுகிற சிரட்டையில் கொசு முட்டையிடாது. மழை வலுத்து வெட்டு நிற்கும். வெட்டுக்காரர் வரமாட்டார். சிரட்டைகள் வாயைத் திறந்தபடி கம்பியில் தொங்கும். தோட்டம் பெரிதானால் சிரட்டை ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றிலும் இரண்டு விரல் மழைத் தண்ணீர் போதும். ஏழு முதல் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். தண்ணீர் வற்றினாலும் முட்டை சாகாது, மாதக்கணக்கில் உலர்ந்து காத்திருக்கும், அடுத்த மழையில் பொரிக்கும். சிரட்டையைக் கவிழ்த்து வைக்க ஒரு மரத்துக்கு ஒரு நொடி ஆகும். தோட்ட முதலாளி திருவனந்தபுரத்திலோ துபாயிலோ இருக்கிறார். குத்தகைக்காரருக்கு அந்தக் கூலி கட்டுப்படியாகாது. வெட்டுக்காரருக்கு வேலையே இல்லை. கவிழ்ப்பது யார்?

வீட்டுக்குள்ளும் இதே கதை. பிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு, மாடியில் கிடக்கும் டயர், முற்றத்தில் விழுந்த கமுகம்பாளை, அலங்காரச் செடித் தொட்டி, அன்னாசி இலைக் கக்கம். கேரள சுகாதாரத் துறை வெள்ளிக்கிழமை பள்ளிகளில், சனிக்கிழமை அலுவலகங்களில், ஞாயிற்றுக்கிழமை வீடுகளில் ‘டிரை டே’ என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. கணக்கு சரிதான், ஏனென்றால் முட்டை கொசுவாக ஒரு வாரம் வேண்டும். ஆனால் மதுக்கடை மூடியிருக்கிற ‘டிரை டே’யைத்தான் நம் ஆட்களுக்கு ஞாபகம் இருக்கிறது. புகையடிப்பவர் வந்து போனால் போதும் என்று வேறு ஒரு நினைப்பு. புகை, பறக்கிற கொசுவை மட்டும் கொல்லும். தண்ணீரில் நெளிகிற புழுவை அது தொடுவதேயில்லை.

கேரளப் பக்கத்தில் இந்த நம்பிக்கைக்கு ஒரு கூடுதல் ஊட்டம் கிடைக்கிறது: நாமே முதலிடம் என்ற பெருமை. பெருமைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆயிரம் பிறப்புக்கு 5 என்ற அளவுக்குச் சிசு மரணத்தைக் குறைத்த மாநிலம் அது. முதலிடத்தில் இருக்கும் ஊரில் நோய் தானாக வராது, வந்தால் பின்தங்கிய பக்கத்து ஊரிலிருந்துதான் வரும் என்று அந்தப் பெருமை மெல்ல உருமாறிவிடுகிறது. தமிழ்நாட்டுப் பக்கத்தில் அதற்கு எதிர்ப்பதம்: அங்கே அதிகம் நோய் பதிவாவதால் அங்கேதான் நோய் அதிகம். அதிகம் பரிசோதிக்கிறவனிடம் அதிகம் கண்டுபிடிக்கப்படும் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

2024 ஜூலை இந்தப் பெருமையை இரண்டுமுறை உலுக்கியது. நெய்யாற்றின்கரையில் மாற்றுத்திறனாளிகள் தங்கும் விடுதி ஒன்றில் பத்து வயதுச் சிறுவனுக்குக் காலரா உறுதியானது; அதற்குமுன் அங்கேயே 26 வயது இளைஞர் வயிற்றுப்போக்கால் இறந்திருந்தார். அதே மாதம் 23-ஆம் தேதி, பக்கத்தில் அதியன்னூர் ஊராட்சியின் கண்ணறவிளைப் பகுதி இளைஞர் ஒருவர் இறந்தார். அவர் குளித்த குளத்தில் குளித்த மற்றவர்களுக்கும் அமீபா மூளைக்காய்ச்சல் என்று தெரிந்தது. உலக அளவில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேரைக் கொல்லும் நோய். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி விழிப்பாக இருந்து அவர்களைக் காப்பாற்றியது பெரிய காரியம். காலரா மலம் கலந்த தண்ணீரில் வருவது. அமீபா ஆளிடமிருந்து ஆளுக்கு ஒட்டவே ஒட்டாது, மூக்கு வழியாகத் தண்ணீரிலிருந்து ஏறுவது. எலிக்காய்ச்சலும் அப்படியே: நம் வரப்பு, நம் ஓடை, நம் எலி. இவற்றில் எதற்குப் பாண்டி லாரி வேண்டியிருக்கிறது?

இன்னொன்று. இந்த எல்லைக்கு வயது எழுபதுதான். 1956 நவம்பர் 1 வரை விளவங்கோடும் நெய்யாற்றின்கரையும் அடுத்தடுத்த தாலுகாக்கள், ஒரே ஆட்சி. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு இரு பக்கத்து நோயாளிகளும் போனார்கள். அங்கே பணியாற்றிய, எவரெஸ்ட் ஏறப்போன சோமர்வெல் டாக்டரின் பெயரில்தான் இன்று கேரள எல்லைக்குள் காரக்கோணத்தில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நோயாளிகள் இரு மாநிலத்தவர். 1928-ல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் டாக்டர் ஜேகாக்ஸ் திருவிதாங்கூருக்கு வந்து கொக்கிப்புழுவைக் கணக்கெடுத்தார். அடுத்த சில ஆண்டுகளில் நெய்யாற்றின்கரையில் மாதிரிச் சுகாதார மையம் ஒன்று எழுந்தது. கக்கூஸ், கிணறு, பிரசவம், தடுப்பூசி என்று இடத்தைத் திருத்தும் வேலை. புழு எந்த ஊரிலிருந்து வந்தது என்று அவர்கள் விசாரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வேலை நடந்திருக்காது.

எல்லை தாண்டி வருவது ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்து மருத்துவக் கழிவுகள் திருநெல்வேலி மாவட்டத்தில் நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கம் கொட்டப்பட்டுக் கிடந்தன. ஊசி, ரத்தம் தோய்ந்த பஞ்சு, நோயாளிகளின் விவரச் சீட்டு எல்லாம் இருந்தன. பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு கேரள அதிகாரிகளே வந்து லாரியில் அள்ளிக்கொண்டு போனார்கள். நிஜமாகவே லாரி ஏறி மாநிலம் தாண்டிய ஆபத்து அது. ஒரு மனிதனின் நெற்றியை அளக்கும் சாவடிகள் ஒரு லாரியின் வயிற்றைப் பார்க்கவில்லை.

தாண்ட வேண்டியது தாண்டாமல் நிற்பதும் உண்டு. வெள்ளறடைக்காரர் காய்ச்சலோடு மார்த்தாண்டத்துத் தனியார் மருத்துவமனைக்குப் போவார். பளுகல்காரர் காரக்கோணத்துக்கு வருவார். ஆள் போகிற வேகத்தில் அவரைப் பற்றிய தகவல் அவருடைய ஊர்ச் சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். மறுநாளே அந்த வீட்டைச் சுற்றித் தேங்கிய தண்ணீரைக் கொட்டினால்தான் அடுத்த பத்துப் பேர் தப்புவார்கள். பாறசாலைத் தாலுகா ஆஸ்பத்திரியும் குழித்துறை அரசு ஆஸ்பத்திரியும் வாரம் ஒருமுறை காய்ச்சல் பட்டியலைப் பரிமாறிக்கொள்ளப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம், ஒரு வாட்ஸ்அப் குழு போதும்.

சட்டம் வேண்டுமென்றாலும் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம். கேரளத்தில் 2023-ல் புதிய சட்டம். அதன்கீழ் 2024-ல் இரிஞாலக்குடை நீதிமன்றம், கொசுப்புழு வளரவிட்ட ஒரு வீட்டுக்காரருக்கு 2,000 ரூபாய் அபராதம் போட்டது. இந்த எல்லைத் தோட்டங்களுக்கும் அந்த அபராதத்தை நீட்டலாம். வெப்பமானியோடு நிற்பவர்களை ஜூன், ஜூலை இரண்டு மாதமும் சாவடியிலிருந்து எடுத்து, இரு பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்கும் அனுப்பலாம். கவிழ்க்காத சிரட்டைக்கு இவ்வளவு என்று ரசீது கிழிக்கலாம். எதிர்ப்பு வரும். முதலில் எதிர்ப்பவர்கள் தோட்டக்காரர்களாகத்தான் இருப்பார்கள். நோயெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அதிகம் சத்தம் போடுகிறவர்களும் அவர்களேதான்.