கண்டெடுத்த மண்ணிலேயே காட்டுங்கள்

வீட்டில் சாவியோ மோதிரமோ காணாமல் போனால் புதுக்கோட்டைக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவள் அரைக்காசு அம்மன். வெல்லம் பிடித்துவைத்து வேண்டிக்கொண்டால் தொலைந்தது கைக்கு வந்துவிடும் என்பது நம்பிக்கை. திருக்கோகர்ணம் பிரகதாம்பாள்தான் அந்த அம்மன். நவராத்திரியில் புதுக்கோட்டைச் சமஸ்தானம் அரிசியோடு சேர்த்துக் கொடுத்த சின்னஞ்சிறு செப்புக்காசின் ஒரு பக்கத்தில் அம்மன் இருப்பாள், மறுபக்கத்தில் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’ என்றிருக்கும். அந்தக் காசின் பெயரே அம்மனுக்கும் ஒட்டிக்கொண்டது. அரசு அருங்காட்சியகம் இருப்பதும் இதே திருக்கோகர்ணத்தில்தான். சொல்லப்போனால், இந்த மாவட்டம் தொலைத்ததைத் தேடித் தரும் வேலை அதனுடையது.

தொலைத்தது கொஞ்சமல்ல. 1898இல் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ் தொடங்கி வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்களின் காசுகள். பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. இனி இது காசாகச் செல்லாது, பொன்னாக எடைபோட்டு வாங்கிக்கொள் என்று சொல்லும் வெட்டு அது என்பது நாணயவியல் அறிஞர்கள் பலரின் கருத்து. உலகையே ஆண்டவன் தலையிலும் உளி வைத்துவிட்டு வியாபாரத்தைப் பார்த்திருக்கிறார்கள்! இதைவிடச் சுவையான வரலாற்றுப் பாடம் எந்தப் பாடநூலில் இருக்கிறது? அந்தக் காசுகளைப் பார்க்க விரும்பும் கருக்காக்குறிச்சி மாணவி லண்டனுக்கு விமானம் ஏற வேண்டும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அவை புதுக்கோட்டைப் புதையல் என்ற பெயரிலேயே இருக்கின்றன. அங்கே நுழைவுக் கட்டணம் இல்லை என்பது அவளுக்கு என்ன ஆறுதல்?

காசுகளைத் திரும்பக் கேட்பதில் தவறில்லை. ஆனால் 1963ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் அருங்காட்சியகச் சட்டம், சேகரிப்பில் உள்ளதை வெளியே கொடுக்க அதன் அறங்காவலர்களை லேசில் விடுவதில்லை. அவை திரும்பி வரும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. வெட்டுத் தழும்போடு அச்சு அசலான படிகளைச் செய்து வாங்கி, கிடைத்த கதையோடு திருக்கோகர்ணத்தில் வைக்கலாம். பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. கடிதம் எழுத ஓர் அதிகாரியும் அதைத் தொடர்ந்து துரத்த ஒரு சட்டமன்ற உறுப்பினரும் போதும்.

லண்டன் தூரம், பொற்பனைக்கோட்டை பக்கத்தில் இருக்கிறது. 2023இல் மாநிலத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வு நடத்தியது. சங்க காலக் கோட்டையில் செங்கல் கட்டுமானத்தோடு தங்க மூக்குத்தித் துண்டும் எலும்பு முனைக் கருவியும் கார்னீலியன் மணியும் வெளிவந்தன. ஆய்வு முடிந்தபின் இவை எங்கே போகும் என்பதை அரசு இப்போதே தெளிவாகச் சொல்ல வேண்டும். திருக்கோகர்ணத்துக்குத்தான் வர வேண்டும் என்பது நம் நிலைப்பாடு.

பாதுகாப்பு போதாது, சென்னையில்தான் பார்ப்பவர்கள் அதிகம் என்ற வழக்கமான பதில் வரும். பாதுகாப்பு போதாதென்றால் அதைப் பலப்படுத்த வேண்டுமே தவிர பொருளை ஊரைவிட்டு அனுப்பக் கூடாது. கூட்டத்தைப் பற்றிய கவலைக்குப் பதில் சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. 2023 மார்ச்சில் கீழடியிலேயே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. மக்கள் தேடிப் போய்ப் பார்க்கிறார்கள். நாம் புதுக் கட்டடம்கூடக் கேட்கவில்லை. 1910இல் சமஸ்தானம் தொடங்கிய அருங்காட்சியகம் இங்கே ஏற்கெனவே இருக்கிறது.

அந்தச் சமஸ்தானத்தை நினைத்தால் கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது. சிறிய நாடு, 1948 மார்ச் 3இல் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து வரைபடத்திலிருந்து மறைந்துவிட்டது. ஆனால் தன் எல்லைக்குள் கிடைத்த 1,130 கல்வெட்டுகளின் பாடங்களை 1929இலேயே நூலாக அச்சிட்டுவிட்டது. தன் வரலாற்றைத் தானே எழுதி, தானே காட்சிக்கு வைத்த ஊருக்கு, எதைக் காட்டலாம் என்று இன்று வேறு யாரோ முடிவு செய்ய வேண்டுமா?

பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. மாணவர்களை வரிசையாக உள்ளே விட்டு வரிசையாக வெளியே கூட்டிவருவது சுற்றுலாக் கணக்கில் சேரலாம், படிப்பில் சேராது. பாடம் செய்த விலங்குகளின் முன்னால் நின்று ஆரவாரம் செய்யும் பிள்ளைகள் முதுமக்கள் தாழியருகே வந்ததும் நடையைக் கூட்டிவிடுகிறார்கள். இறந்தவரின் எலும்பை இதில் வைத்துப் புதைத்தார்கள் என்று ஒருவர் சொல்லட்டும். வரிசை அங்கேயே நின்றுவிடும். குடுமியான்மலை இசைக் கல்வெட்டையும் சித்தன்னவாசல் தாமரைக் குள ஓவியத்தையும் பற்றி அவர்களுக்கு விளங்கும்படி பேச, தொல்லியல் படித்துவிட்டு வேலை தேடும் இளைஞர்களை விளக்குநர்களாக அமர்த்தலாம். குறைந்தது ஞாயிற்றுக்கிழமைகளிலாவது. அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்குள் மாவட்ட நிர்வாகம் இதற்கான ஆணையைப் பிறப்பிக்க வேண்டும்.